ஈய வளையம்

குண்டு சத்தமில்லாமல் உள்ளே இறங்கியபோதே ஹாலிஸுக்குச் சுருக்கென்றது.

ரிவால்வரின் உருளையிலுள்ள குண்டு அறைக்குள் ஈயக் குண்டை வைத்து நெம்புகோலால் அழுத்தினால், விளிம்பு சீவப்பட்டு மெல்லிய வளையம் ஒன்று கழன்று விழ வேண்டும். விழுந்தால் அறை இறுக்கமாக அடைபட்டதென்று அர்த்தம். விழாவிட்டால் இடைவெளி இருக்கிறது. ஓர் அறையின் நெருப்பு அதன் வழியாக மற்ற அறைகளுக்கும் பாயும். எல்லாம் ஒரேயடியாக வெடித்தால், பிடித்திருப்பவனின் கை அவனுடையதில்லை.

வளையம் விழவில்லை.

அடுத்ததிலும் விழவில்லை.

ஓரக்கண்ணால் மெர்லைப் பார்த்தான். மெர்ல் தன் பிக்கப் வண்டியின் பின்கதவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத் துப்பாக்கியின் நகல் அது. விசையை அராவி இலகுவாக்கி, வால்நட் மரத்தில் கைப்பிடி செதுக்கி, அறைகளைக் கடைந்து சீராக்கித் தந்தவன் மெர்ல்தான். அவனாகவே கேட்டு வாங்கிப் போனான். கூலியும் வேண்டாமென்றான்.

மிசௌரியின் அந்தக் கவுண்டித் துப்பாக்கிசுடும் போட்டியில் மூன்று வருடமாக ஹாலிஸ் முதல், மெர்ல் இரண்டாவது. வரும் சனிக்கிழமை மறுபடி போட்டி. ஆடு நனைகிறதென்று ஓநாய் எதற்கு அழுதது என்று இப்போதல்லவா புரிகிறது! இத்தனை வருடப் பழக்கத்துக்கு இதுதானா மரியாதை? அறைகளை வேண்டுமென்றே பெரிதாகக் கடைந்து வைத்திருக்கிறான்.

வழக்கம்போல ஓர் அறையைக் காலியாக விட்டு, மற்றவற்றை நிரப்பினான். நெருப்பு பாயாமலிருக்கப் பூசும் கொழுப்பை மேலே பேருக்குக் கொஞ்சம் தடவினான். எழுந்து போய் நீட்டினான்.

“நீ பண்ண வேலைடா. முதல்ல நீயே சுடு.”

பயந்து பின்வாங்குவான், குட்டு உடையும் என்று காத்திருந்தான்.

மெர்லின் முகம் மலர்ந்துவிட்டது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். சுடுமிடத்துக்குப் போய்ச் மருந்தைப் பற்றவைக்கும் செப்புக் கேப்புகளைப் பொருத்தப் போனவன், உருளையை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தான்.

“வளையம் எல்லாம் ஒழுங்கா விழுந்துச்சுல்ல?”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு முந்திக்கொண்டது.

“பின்னே? அழகா விழுந்துச்சு.”

மெர்ல் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தான். கேப்புகளைப் பையில் போட்டுக்கொண்டான். உருளையைக் கழற்றிக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினான். கருமருந்தோடு குண்டுகளும் பொலபொலவென்று உதிர்ந்தன.

“இது உன் ரைபிள் குண்டுடா. சின்னது. பை மாறி எடுத்துட்டு வந்திருக்க.”

ஹாலிஸுக்குக் காது சுட்டது. சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை.

மெர்ல் காலித் துப்பாக்கியை அவன் கையில் வைத்தான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை.

“வெடிக்கும்னு நெனச்சுத்தானே என்கிட்ட குடுத்த?”