சாயங்கால ஆட்டம்

குளியலறையில் கணவர் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டதும், அவள் செல்போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள். "அவர் ஆபீஸ் கிளம்பினதும் வந்துடறேன். நீங்க இருப்பீங்கல்ல?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நான் எங்க போகப் போறேன், வாங்க" என்றது எதிர்முனை ஆண்குரல்.

நாற்பத்தேழு வயதில் இந்தக் கள்ளத்தனம் தேவைதானா என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. அதுவும் கொஞ்ச நேரம்தான். கணவர் தலையைத் துவட்டியபடி வந்தார், சாப்பிட்டார், அவள் கேட்டதற்கெல்லாம் "ம்" கொட்டிவிட்டுக் கிளம்பிப் போனார். அந்த வீட்டில் பேச்சு வற்றிப்போய் மூன்று வருஷம் ஆகிறது.

மனிதர் முகம் மலர்வது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். ஆபீஸ் விட்டு வந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலு சுவருக்குள் மட்டையால் பந்தடிக்கும் ராக்கெட்பால் ஆடக் கிளம்புவாரே, அப்போது. வீடு திரும்பிய பிறகும் அந்த மலர்ச்சி கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு ஒருநாள் அவர் எதிரே போய் நின்றால் பழைய மனிதர் திரும்பக் கிடைப்பார் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. வேறு வழியும் தெரியவில்லை.

கற்றுக்கொள்ள இடம் வேண்டுமே. நீச்சல் குளத்தை ஒட்டி இருந்த கோர்ட்டில் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஹோட்டல் மாடியில் இருந்ததை மீட்டிங் ஹால் ஆக்கிவிட்டார்கள். அலைந்து அலைந்து கால் ஓய்ந்த பிறகுதான், மூடிக் கிடந்த ஒரு மில்லுக்குப் பின்னால் இந்த நாலு சுவரும், அதைக் கட்டிக்கொண்டு அழும் மாஸ்டரும் கிடைத்தார்கள்.

"ஊர்ல மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதாம்மா" என்று முதல் நாளே அவர் சொல்லிவிட்டார். அப்படியென்றால் கணவர் வருவதும் இங்கேதான் என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டாள். விஷயம் முன்கூட்டியே அவர் காதுக்குப் போய்விடக் கூடாதே என்று மாஸ்டரிடம் அவரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஆட்டம்தான் வந்தபாடில்லை. பந்து பின்சுவரில் பட்டு முதுகில் அறைந்தது. துரத்திக்கொண்டு ஓடினால் மட்டை சுவரில் போய் உரசியது. சீக்கிரமே அதன் விளிம்பில் சாயம் உரிந்து பல்லை இளித்தது.

"அதுக்கெல்லாம் வருத்தப்படாதீங்க. சுவத்துல உரசாம இந்த ஆட்டத்த யாராலயும் ஆட முடியாது" என்று மாஸ்டர் தன் மட்டையைக் காட்டினார். பெருச்சாளி கடித்த மாதிரி இருந்தது அது.

நேற்று அவள் மட்டையில் நரம்பு அறுந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் திருப்பி வைத்துவிடலாம் என்று இன்று கணவரின் மட்டையையே பையிலிருந்து எடுத்து வந்திருந்தாள்.

மாஸ்டர் அதை வாங்கி விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். "புதுசு வாங்கிட்டீங்களா?"

"இல்ல மாஸ்டர், வீட்டுக்காரரோடது. மூணு வருஷமா தினம் ஆடறார். பாருங்க, ஒரு கீறல் இல்ல" என்றாள். சொல்லும்போதே அவளுக்குப் பெருமையாக இருந்தது. "அவ்வளவு நல்லா ஆடுவார் போல."

மாஸ்டர் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இனி மறைத்து என்ன ஆகப் போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. "உங்ககிட்ட இத்தனை நாள் சொல்லல. அவர் இங்கதான் வர்றார். உயரமா இருப்பார், கண்ணாடி போட்டிருப்பார், நீலப் பை. நாளைக்குச் சாயங்காலம் நானும் வந்து அவர் எதிர்ல நிக்கப் போறேன். தோத்தாலும் பரவால்ல. நீங்க மட்டும் அதுக்குள்ள அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

மாஸ்டர் மட்டையை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சாயங்காலத்துல இங்க நான் மட்டுந்தாம்மா தனியா ஆடிட்டிருக்கேன்."