தெளியாத தண்ணீர்

மூன்று வாரமாக மாசிலாமணி அந்த வீட்டு நீச்சல்குளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஃபில்டர் மணலை மாற்றினான், குளோரின் போட்டான், படிகாரம் கரைத்து ஊற்றினான். கை வெந்துபோனதுதான் மிச்சம். சாயங்காலம் தெளிகிற தண்ணீர் காலையில் மறுபடி வெள்ளையாகக் கலங்கிக் கிடந்தது. "நாளைக்கும் இப்படியே இருந்தா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் அலுப்போடு விடியும்போதே வந்தான். வாசலில் கோலமில்லை. வீட்டுக்காரரின் மனைவி குளத்துப் படியில் உட்கார்ந்து, கோலமாவை அள்ளி அள்ளித் தண்ணீரில் தூவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என்ன பண்றீங்க?"

"தெளிஞ்சா அடி தெரியுதுப்பா. பாப்பா கெடந்த எடம்."

பின்னால் வீட்டுக்காரரின் செருப்புச் சத்தம் கேட்டது. மாசிலாமணி மாவுக் கிண்ணத்தை வாங்கித் தன் வாளிக்குள் போட்டு மூடினான்.

"என்னய்யா, இன்னிக்கும் கலங்கலா?"

"நான்தான் சார் மருந்தைத் தப்பாப் போட்டுட்டேன்" என்றான்.