நாற்பதாவது தலை

வெள்ளைக் காலுறையில் சிவப்பாய் ஒரு கோடு ஏறிக்கொண்டிருந்தது.

அவன் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான்.

எறும்புதான். செவ்வெறும்பு. கடித்தால் விடாது.

அவன் சுவரோரம் நின்றிருந்தான். பத்தடி தள்ளி, கடைசி வரிசையின் கடைசி ஆளாக அந்த வெள்ளைச் சிப்பாய். பேர் வாயில் நுழையாது. பூனைக்கண்ணன் என்று அவனாக வைத்துக்கொண்டிருந்தான்.

கோட்டையில் நாற்பது சிப்பாய்களுக்கு முடி கட்டுவது அவன் வேலை. பின்னால் இழுத்துச் சடையாக்கி, கறுப்பு நாடா சுற்றி, மாட்டுக் கொழுப்பைத் தடவி, மேலே அரிசி மாவு தூவ வேண்டும். எல்லாத் தலையும் ஒரே வெள்ளையாக இருக்க வேண்டும். ராஜாவின் பட்டாளம் அப்படித்தானாம்.

இன்று முப்பத்தொன்பது தலையோடு கொழுப்பு தீர்ந்துபோனது.

முரசு கொட்டத் தொடங்கியிருந்தது. கேட்டு வாங்க நேரமில்லை. பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளப் பெண்சாதி அஞ்சலை முடிந்து கொடுத்த கருப்பட்டி மடியில் இருந்தது. தண்ணீரில் கரைத்துத் தடவினான். கொழுப்பைவிட நன்றாகவே ஒட்டியது மாவு. கெட்டிக்காரன்தான் என்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

இப்போது அந்த இனிப்பே எறும்பை இழுத்துவிட்டது.

கோடு இடுப்பைத் தாண்டிச் சடை நுனியைப் பிடித்துவிட்டது.

அணிவகுப்பில் அசையக் கூடாது. போன மாதம் ஒருவன் தும்மினான். நூறு கசையடி. அந்த முதுகுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றியது அவன்தான். துடைத்தபோது தோல் துணியோடு வந்தது.

தோல்பையோடு பக்கத்தில் நின்ற தண்ணீர்க்காரன் சவரிமுத்துவும் பார்த்துவிட்டான். சிரிப்பை அடக்கிக்கொண்டு காதருகே குனிந்தான்.

"என்ன மாமா, வெள்ளக்காரன் தலையில கோலம் போட்டுட்டியா? எறும்பு பந்திக்கு ஒக்காந்துருச்சு."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

துரை முதல் வரிசையைப் பார்வையிட்டு முடித்துவிட்டார். ஒவ்வொரு பித்தானாகப் பார்க்கிறவர். அவசரமே கிடையாது.

சடை முழுதும் சிவந்துவிட்டது. ஒன்று காதுமடலில் ஏறியது. ஒன்று கன்னத்தில். பூனைக்கண்ணனின் தாடை இறுகியது. கழுத்து நரம்பு புடைத்தது.

அசையாதே சாமி.

ஓர் எறும்பு கண்ணோரத்துக்கு வந்தது. பூனைக்கண்ணன் கண்ணை மூடப் பார்த்தான். இமை பாதிதான் இறங்கியது. முடி அவ்வளவு இறுக்கம். அப்படிக் கட்டினால்தான் துரைக்குப் பிடிக்கும்.

துப்பாக்கியைப் பிடித்திருந்த விரல்கள் துடிக்க ஆரம்பித்தன.

துரை இரண்டாவது வரிசைக்கு வந்தார். அடுத்தது கடைசி வரிசை.

அணிவகுப்பு நடக்கும்போது உள்ளூர் ஆள் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது. வைத்தவன் யாரையும் அவன் பார்த்ததில்லை. அதற்கு எத்தனை அடி என்றும் தெரியாது.

தலைப்பாகையை அவிழ்த்தான். சீப்பை அதில் சுற்றிச் சவரிமுத்துவின் கையில் திணித்தான்.

"அஞ்சலைகிட்ட குடுத்துடு."

சவரிமுத்துவின் சிரிப்பு நின்றது.

சுவரோரமாகவே முன்பக்கம் போனான். அங்கிருந்து மைதானத்துக்குள் இறங்கினான். நடுவை நோக்கி நடந்தான்.

துரையின் தலை திரும்பியது. ஓர் அதட்டல். அப்புறம் பல அதட்டல்கள். மைதானத்தின் கண்கள் எல்லாம் அவன்மேல் வந்து விழுந்தன.

எறும்பைத் தட்டிவிடப் பூனைக்கண்ணன் கையைத் தூக்கினானா?

திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

திரும்பினால் அவர்களும் அந்தப் பக்கம் பார்ப்பார்கள்.

நேரே பார்த்தபடி நடந்தான்.