அசுவினிக்குள் ஒரு குடித்தனம்

மேடையில் என் கணவர், செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப்பூச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைச் சட்டைப்பையில் தேடிக்கொண்டே.

திரையில் படம் மாற்றும் பொத்தான் என் கையில். அவரிடம் கொடுத்தால் பின்னோக்கி ஓட்டுவார்.

“கோடிக்கணக்கான வருஷமா இந்த பாக்டீரியா பூச்சி உடம்புக்குள்ளயே குடியிருக்கு. எல்லாம் உட்கார்ந்த இடத்துக்கு வந்துடுது. அதனால தேவைப்படாத மரபணுவை ஒண்ணொண்ணா தொலைச்சிடுச்சு. வெளியே எடுத்து விட்டா செத்துடும்.”

கூட்டம் தலையாட்டியது. எனக்குச் சிரிப்பு வந்தது. மனிதர் தன் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது. தன் சட்டை அளவு தெரியாது. பதினெட்டு வருடமாகப் பூச்சி வளர்ப்பது நான், வாடிய செடியை மாற்றுவது நான், கட்டுரை எழுதுவது நான். அவர் பங்குக்கு வாய் மட்டும்.

இந்தத் தண்டச்சோற்றைச் சுமந்தது போதும்.

என் கைப்பையில் வேறொரு ஊர் ஆய்வுக்கூடத்தின் வேலை உத்தரவு இருந்தது. மாலை ஐந்து மணிக்குள் போனில் சம்மதம் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரியாது. தெரிந்தால் மட்டும் என்ன கிழித்துவிடப் போகிறார்.

பாக்டீரியாவைக் கொன்றுவிட்டால் பூச்சி நிம்மதியாக இருக்குமா என்று ஒரு மாணவி கேட்டாள். அடுத்த படம் அதற்கான பதில்தான். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து கொடுத்த பூச்சி, சூம்பிப்போய், குட்டி போடாமல். நான் எடுத்த படம், பார்க்காமலே தாண்டினேன்.

கூட்டம் முடிந்ததும் நடைபாதைக்கு வந்து எண்ணை அழுத்தினேன்.

“சொல்லுங்க மேடம்,” என்றது ஒரு குரல்.

காலையில் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்த வாக்கியம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

டாக்டரிடம் நேரம் கேட்பதிலிருந்து வீட்டுச் சொந்தக்காரரிடம் சண்டை போடுவது வரை போனில் பேசுவது அவர்தான். முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் கடைசியாக எப்போது பேசினேன்? நினைவில்லை.

“மேடம், இருக்கீங்களா?”

அவர் டீக்கோப்பையோடு கண்ணாடியைத் தேடிக்கொண்டு வந்தார். போனை நீட்டினேன். வழக்கம்போல எதுவும் கேட்காமல் வாங்கினார். ஹலோ சொன்னார், சிரித்தார், பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

உள்ளங்கையால் போனை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“தங்கறதுக்கு வீடு ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கான்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?”

வாயைத் திறந்தேன்.

“நீங்களே சொல்லிடுங்க,” என்றேன்.