துணைக்கு வந்தவர்

"மெதுவாப் பேசுங்க மாமா. தெருவே திரும்பிப் பாக்குது."

"பாக்கட்டுமே மாப்பிள்ளை. குடிக்கிறப்ப வராத வெக்கம், நிறுத்தப் போறப்ப மட்டும் எங்கேருந்து வருது?"

மாமனார் முப்பது ஆண்டுகள் பேருந்து நடத்துநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கடைசி இருக்கை வரை எட்டிப் பழகிய அவரது குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. அக்குரலிலேயே அவர் தையற்கடைக்காரரிடம் வினவினார்.

"ஏங்க, குடியை விடறவங்க கூட்டம் ஒண்ணு இந்தத் தெருவுல நடக்குதாமே, எங்கங்க? நம்ம மாப்பிள்ளைக்குத்தான்!"

தையற்கடைக்காரர் அளவெடுப்பவரைப்போல் மாப்பிள்ளையை மேலும் கீழும் நோக்கினார்.

"ஆளைப் பாத்தா அப்படித் தெரியலையே."

"பாத்தவுடனே தெரிஞ்சிருந்தா நாங்க ஏங்க பொண்ணு குடுக்கறோம்?"

மாப்பிள்ளையின் காதுகள் சிவந்தன.

மாமனாரும் மகளும் மாப்பிள்ளையும் ஒன்றாக வசித்த வீட்டில், பிறந்து இரண்டு மாதமான குழந்தை இருந்தது. "குடிக்கிற கை எம் பிள்ளை மேல படக் கூடாது. இந்த மாசக் கடைசிதான் கெடு. அப்புறம் நானும் பிள்ளையும் வேற வீடு பாத்துக்கறோம்" என்று மகள் சாப்பாட்டு மேசையில் அறிவித்தபோது, ஆண்கள் இருவரும் தத்தம் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தனர். கெடு முடிய மூன்று நாட்களே எஞ்சியிருந்த நிலையில், மாப்பிள்ளை மாமனாரைத் தனியே அழைத்தார். "எனக்கு அந்தப் பழக்கம் இருக்கு மாமா. கூட்டத்துக்குத் தனியாப் போகக் கூச்சமா இருக்கு. துணைக்கு வாங்க" என்று தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். மருமகனே வாய்விட்டுக் கேட்டபின் மறுப்பது முறையன்று என மாமனாரும் புறப்பட்டுவிட்டார்.

"அது இருக்கட்டும். என்ன சரக்கு அடிக்கிறீங்க?" என்று நடந்துகொண்டே கேட்டார் மாமனார்.

"பிராந்தி மாமா."

"எவ்வளவு?"

மாப்பிள்ளை மருந்துக்கடையில் பணிபுரிபவர். "பத்து மில்லி. காலைல ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளை. சாப்பாட்டுக்கு அப்புறம்" என்றார்.

மாமனார் நடையை நிறுத்தி அவரை ஒரு கணம் உற்று நோக்கினார்.

"ரொம்ப முத்திப் போச்சு" என்று கூறிவிட்டு மேலே நடந்தார்.

மாப்பிள்ளையின் கையிலிருந்த துண்டுச்சீட்டில், 'நூலகத்துக்கு அடுத்த கட்டடம், மாடி, ஆறு மணி' என்று மட்டுமே குறிக்கப்பட்டிருந்தது. நூலகத்தின் இருபுறமும் கட்டடங்கள் இருந்தன. இரண்டுக்கும் மாடிகளும் இருந்தன.

முதல் கட்டடத்தின் மாடியில் எட்டுப் பேர் நாற்காலிகளில் வாட்டத்துடன் அமர்ந்திருந்தனர். இவர்களும் அமர்ந்துகொண்டனர். அது முடி நடும் மருத்துவமனை என்பது விளங்கப் பத்து நிமிடங்கள் பிடித்தன.

"உங்களுக்கு இதுவும் தேவைப்படும் மாப்பிள்ளை. சீட்டு வாங்கி வெச்சுக்குங்க."

"மாமா, மணி ஆகுது. வாங்க."

இரண்டாவது கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு மதுக்கூடம் இருந்தது. அதைக் கண்டதும் மாமனார் சட்டெனத் திரும்பினார்.

"இங்க எப்படிங்க இருக்கும்? வாங்க, வீட்டுக்குப் போவோம்."

வாசற்காவலர் எழுந்து வந்தார். "கூட்டத்துக்கா? இந்தப் பக்கமாப் படி ஏறுங்க. எங்க நல்ல வாடிக்கை பாதிப் பேரு இப்ப மேலதான் இருக்காங்க" என்று சற்று வருத்தத்துடன் வழிகாட்டினார்.

பாதிப் படியில் மாமனார் நின்றுவிட்டார்.

"மணி ஆறே கால். நடுவுல நுழைஞ்சா மரியாதையா இருக்காது. அடுத்த வாரம் வரலாமா? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அடுத்த வாரம் வீட்டுல அவளும் இருக்க மாட்டா, குழந்தையும் இருக்காது மாமா."

மாமனார் கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி சிறிது நேரம் நின்றார். பிறகு ஏறினார்.

மேலே பன்னிரண்டு பேர் வட்டமாக அமர்ந்திருந்தனர். சுவரோரம் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. கூட்டத்தை நடத்திய அம்மையார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இவர்களை நோக்கினார்.

"புதுசா வந்திருக்கீங்களா? பேரு வேண்டாம், ஊரு வேண்டாம். மனசுல இருக்கறதைச் சொன்னாப் போதும். யாரும் சிரிக்க மாட்டோம்."

மாப்பிள்ளை எழுந்து நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டார், பின்பு அவிழ்த்துக்கொண்டார்.

"வணக்கம். நான் வந்து... நான் ஒரு..."

மாமனார் அவரது சட்டையின் பின்நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தார்.

"உக்காருங்க மாப்பிள்ளை. வாழ்நாள்ல ஒரு சொட்டு தொடாத மனுஷன், எனக்காக இன்னும் எவ்வளவுதான் பொய் சொல்லுவீங்க?" என்று தாழ்ந்த குரலில் கூறிவிட்டு, மாமனார் எழுந்து நின்றார்.