இரவல் துக்கம்

விழுந்து எழுந்தவர்களுக்குத்தான் தலைமைப் பதவி என்பது கம்பெனியின் விதி. வெயில் படாமல் வளர்ந்த ஹேமா வாழ்க்கையில் விழுந்ததே இல்லை. அதனால், அவருக்குக் கீழே வேலை பார்க்கும் புகழேந்தியின் அம்மா போன வருஷம் செத்துப்போனதை ஹேமாவின் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். நாம் படும் பாடெல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்று வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கிவிடுகிறார்களே.

மேடையில் ஹேமா கூசாமல் அழுதார். "ஐசியூ வாசல்ல நின்னப்பதான் தலைமைன்னா என்னன்னு கத்துக்கிட்டேன்."

உண்மையில் அந்த வாசலில் நின்றவன் கீழே உட்கார்ந்து கைதட்டினான். தட்டாதவர்களுக்கு மனமுதிர்ச்சி மதிப்பெண் குறையும்.

பதவி கிடைத்த மறுவாரம், ஹேமா அவனை அறைக்குக் கூப்பிட்டார்.

"புகழ், வெள்ளிக்கிழமை அம்மா திவசம்னு லீவு கேட்டிருக்கீங்க. அந்த லீவை நான் எடுத்துட்டேன். ஒரு சாவுக்கு ரெண்டு பேருக்குத் தர மாட்டாங்களாம்."

"மேடம், அவங்க எங்கம்மா."

"இன்னும் அதையே பிடிச்சுக்கிட்டுத் தொங்காதீங்க. விடக் கத்துக்கிறதுதான் வளர்ச்சி." ஹேமா பேனாவைத் திறந்தார். "படையல்ல வைக்கணும். அவங்களுக்கு என்ன பிடிக்கும்?"