முப்பத்துமூணு யூனிட்

"முப்பத்துமூணு யூனிட் ஜாஸ்தி. எப்படின்னு சொல்லுங்க ஐயரே!"

டைட்டஸ் கரண்ட் பில்லை எடுத்து மேசை மேல் வைத்தார். வைத்தார் என்ன, அறைந்தார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து சபைக் கமிட்டி கூடியிருந்தது. ஆம்பூர்ப் பக்கத்துச் சபைகளில் பாதிரியாரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜோசுவா ஐயர் வீட்டுக் கரண்ட் பில்லைச் சபைதான் கட்டும். டைட்டஸ் சபைப் பொருளாளர். அது மட்டுமா? கரண்ட் ஆபீஸில் முப்பது வருஷம் வீடு வீடாக ரீடிங் எடுத்து ரிட்டயர் ஆனவர். யூனிட் விஷயத்தில் அவர் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா?

"புதுசா இன்டர்நெட் வந்திருக்குல்ல சார், அதுவா இருக்கும்" என்றார் கமிட்டிச் செயலாளர் இன்பசேகரன்.

"அதேதான். அந்த மோடம் டப்பா ராப்பகலா எரியுது. ஏன் அணைக்கிறதில்ல?"

"லைன்மேன் அணைக்க வேணாம்னாரு. அணைச்சா திரும்ப லைன் புடிக்கறது பேஜாருன்னு..." ஐயர் தயங்கினார்.

"சரி, ரெண்டு மாசத்துக்கு அது ஒரு பதினஞ்சு யூனிட். மீதி பதினெட்டு? கம்ப்யூட்டர்! தினம் ஒன்றரை மணி நேரம் ஓடினாத்தான் அவ்ளோ வரும். தலைமை ஆபீஸ் மெயில் பாக்கத்தானே வாங்கிக் குடுத்தோம்? அதுக்குப் பத்து நிமிஷம் போதுமே. மீதி நேரம் யாரு உக்கார்றாங்க?"

ஐயர் வாயைத் திறந்தார். அதற்குள் டீ தட்டோடு வந்த அவர் மனைவி ஜெஸி முந்திக்கொண்டாள்.

"நான்தாங்க. சமையல் குறிப்பு பாக்கறேன்."

கமிட்டியில் ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். டைட்டஸுக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, ஷூ கம்பெனியில கால் கடுக்க நின்னு சம்பாதிச்ச ஜனங்க காணிக்கைப் பையில போடற காசும்மா இது. நீங்க தக்காளி சாதம் கத்துக்கவா போடறாங்க?"

"தப்புதாங்க. ஜாஸ்தியான கரண்ட்டுக்கு நாங்களே கட்டிடறோம். லைனை மட்டும் எடுத்துடாதீங்க."

"விடுங்க சார்" என்றார் இன்பசேகரன். "நம்ம கமிட்டி டீ செலவுகூட ஆகாது இது."

"காசு பெருசில்ல சார், ஒழுங்குதான் பெருசு! ஐயரம்மாவே இப்படின்னா சபை உருப்படுமா? மெயிலை பஜார்ல நெட் சென்டர்ல போய்ப் பாத்துக்கட்டும். நாளைக்கே லைனைத் திருப்பிக் குடுக்கணும்னு தீர்மானம் எழுதுங்க."

இன்பசேகரன் முனகிக்கொண்டே எழுதினார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஐயரும் போட்டார். ஜெஸி தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது முந்தானையால் கண்ணைத் துடைப்பதை டைட்டஸ் பார்த்தார்.

சமையல் குறிப்புக்கு ஒரு அழுகையா! நல்ல கூத்துதான் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பிரியாணித் தட்டின் முன் உட்கார்ந்ததும் மனைவி ஃபீபியிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். தான் வாட் கணக்குப் போட்டு ஒன்றரை மணி நேரத்தைக் கண்டுபிடித்ததை மட்டும் ரெண்டு தடவை சொன்னார்.

"யாரு உக்கார்றாங்கன்னு கேட்டேன். ஐயரு முழிச்சாரு. அந்தம்மா ஒத்துக்கிச்சு. மூஞ்சியப் பாக்கணுமே!"

ஃபீபி கறித்துண்டு எடுத்த கரண்டியை அப்படியே சட்டியில் போட்டாள்.

"லைனை எடுக்கச் சொல்லிட்டீங்களா?"

"பின்ன? தீர்மானமே போட்டாச்சு. நீ இன்னா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"அந்தம்மாவுக்கு கம்ப்யூட்டரைத் தொறக்கவே தெரியாதுங்க."

"தெரியாதா? அப்பறம் எதுக்குத் தன் தலையில போட்டுகிச்சு?"

"நாந்தான் அவங்ககிட்ட சத்தியம் வாங்கி வெச்சிருந்தேன், உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு. தினம் காலைல பைபிள் ஸ்டடின்னு சொல்லிட்டு அங்கதான் போறேன். ஐயரு கம்ப்யூட்டரைப் போட்டுக் குடுப்பாரு. கேமராவுல நெல்வின் வருவான்."

டைட்டஸின் கை தட்டிலேயே நின்றது. மூன்று வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பேர் அது. கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு கனடா போய்விட்ட மகன். 'அவன் பேச்சை எடுத்தா இந்த வீட்ல நான் சோறு திங்க மாட்டேன்' என்று டைட்டஸ் சொன்னதுதான் சட்டம். போனைக்கூட அவர்தான் பிடுங்கிப் போட்டிருந்தார்.

"உங்க வீட்டு வெவகாரம் கமிட்டியில நாற வேணாம்னு அந்தம்மா பொய் சொல்லி, அதுக்கும் உங்ககிட்டயே வாங்கிக் கட்டிகினு போயிருக்காங்க."

ஃபீபி எதிரே வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. கோபமாகவும் இல்லை. வழி கேட்பவளைப் போலத்தான் கேட்டாள்.

"நாளைக்குக் காலைல அவன் வந்து காத்துகினு இருப்பானே. எம் புள்ளைய நான் இனிமே எங்க போயி பாக்கறது, நீங்களே சொல்லுங்க?"